மருதாணிக் கோட்டைத் தாண்டிய கருமை

கரார் குடும்பத்தில் பெண்ணின் மேல் கை ஓங்கியவன் ஒரே ஒருவன்தான். அவன் கராரின் சித்தப்பா. ஓங்கிய அன்றைக்கே கராரின் தகப்பனார் அவனைப் படகில் ஏற்றி, நைல் ஆற்றின் அக்கரையில் இறக்கிவிட்டு வந்தார். முப்பது வருஷம் கழித்து அவன் செத்தபோது பிணம்கூட இக்கரைக்கு வரவில்லை. அத்பரா நகரத்துக்கு வடக்கே அந்தக் கரையோர ஊர்களில் இந்தக் கதை தெரியாதவர் கிடையாது. தெரிந்திருந்தும், அந்த ஏப்ரல் மாதத்து நடுப்பகலில், மருத்துவமனை உதவியாளர் கராரின் முகத்துக்கு நேரே கேட்டார்.

"யார் அடிச்சது?"

இரும்புக் கட்டிலில் கிடந்தவள் அமூனா, கராரின் மூத்த மகன் ஹாத்திமின் மனைவி. ஹாத்திம் நான்கு வருஷமாகக் கடல் தாண்டித் தம்மாமில் வேலை பார்க்கிறான். வியாழக்கிழமை வந்து இறங்குகிறான். புருஷன் வருகிறான் என்றால் வீட்டுப் பெண்கள் சும்மா இருப்பார்களா? அவளை வாசனைக் கட்டைப் புகையில் உட்கார்த்தி வேர்க்க வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விரல் நுனிகளுக்கும் உள்ளங்கால்களுக்கும் கறுப்பு மருதாணி போட்டார்கள். திங்கள் சாயங்காலம் குளிரெடுத்துக் காய்ச்சல் வந்தது. "புகை கொஞ்சம் அதிகமாப் போச்சு. விடிஞ்சா எறங்கிடும்" என்றாள் கராரின் மனைவி ஸுர்ரா. விடிந்தது, இறங்கவில்லை. வாந்தி, தலைவலி, பிதற்றல். எதிரே நின்ற மாமியாரைச் செத்துப்போன தன் தாயின் பெயர் சொல்லி அமூனா கூப்பிட்டபோதுதான் கரார் பக்கத்து வீட்டு வண்டியை வரவழைத்தார்.

உதவியாளர் அவள் போர்த்தியிருந்த தோப் துணியை முழங்கைவரை விலக்கினார். கையில் கருநீலத் திட்டுகள். தொடையிலும் இருந்தன என்று ஸுர்ரா சொன்னாள். ஒவ்வொன்றும் ரொட்டி அகலம். ஈறிலிருந்து ரத்தம் கசிந்து உதட்டோரத்தில் காய்ந்திருந்தது.

"கேக்குறேன்ல. யார் அடிச்சது?"

"யாரும் அடிக்கல" என்றார் கரார்.

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க ஹாஜ். போய் போலீஸ் சீட்டு வாங்கிட்டு வாங்க. சீட்டு இல்லாம அடிபட்ட ஆளைத் தொட்டா என் வேலை போயிடும்."

"சீட்டு அடிபட்டவளுக்கு. இவ அடிபடல. நடக்காத ஒண்ணுக்குப் போலீஸ் வாசல்ல போய் நான் காகிதம் வாங்கினா, அது நடந்ததுன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. நான் உசுரோட இருக்குற வரைக்கும்னு சொல்ல மாட்டேன், மண்ணுக்குள்ள போன பின்னாலயும் அது நடக்காது."

"அப்ப நானும் தொட மாட்டேன்."

கராருக்கு எழுபத்தோரு வயது. முப்பத்தெட்டு வருஷம் ரயில் நிலையங்களில் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் பிடித்து நின்ற முதுகு; இன்றுவரை வளைந்ததில்லை. அவர் உதவியாளரிடம் இரண்டாவது முறை கேட்கவில்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து மருத்துவர் குடியிருப்புக்குப் போனார். கதவைத் தடியால் தட்டினார். தட்டினார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

கதவைத் திறந்தவள் டாக்டர் துமாதிர். கார்த்தூமில் படித்து, கட்டாயச் சேவைக்காக இந்த ஊருக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. கையில் பாதி ரொட்டி.

"ஹாஜ், நேத்து காலையிலேர்ந்து நின்னுட்டு இப்பதான் வந்து உக்காந்தேன்."

"என் மருமக சாகக் கெடக்கா. உன் ஆளு காகிதம் கேக்குறான். இங்க டாக்டர்னு யாராச்சும் இருக்காங்களா, இல்ல எல்லாரும் குமாஸ்தாதானா?"

அவள் ரொட்டியை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நடந்தாள். பாதி முற்றம் வந்ததும் ஓடினாள்.

அமூனாவின் மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை. கழுத்தில்தான் கிடைத்தது, நூல்போல. துமாதிர் ஜன்னலோரம் இருந்த தேநீர்க் கண்ணாடித் தம்ளரை எடுத்து, முழங்கையின் உட்புறத்திலிருந்த ஒரு திட்டின்மேல் வைத்து அழுத்தினாள். கண்ணாடி வழியே பார்த்தாள். திட்டு வெளுக்கவில்லை; ரத்தம் தோலுக்கு அடியில் கசிந்து நின்றது. தம்ளரைக் கீழே வைத்த கையாலேயே மருந்துக் குப்பியை உடைத்தாள்.

"டாக்டரம்மா, சீட்டு..." என்று ஆரம்பித்தார் உதவியாளர்.

"சீட்டு அப்புறம். இந்த ஊசி இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போனா, சீட்டு எழுத ஆள் இருக்க மாட்டா. உப்புத் தண்ணி ரெண்டு பை கொண்டு வாங்க. ரெண்டு கையிலயும் போடணும்."

ஊசி ஏறியது. சொட்டுநீர் ஏறியது. ஊசி குத்தின இடத்திலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. பஞ்சை வைத்து அழுத்தினாலும் நிற்கவில்லை. துமாதிர் கால்மாட்டுக்குப் போய்த் துணியை விலக்கினாள்.

"மருதாணிம்மா" என்றாள் ஸுர்ரா. அழுதுகொண்டிருந்தவளின் குரலில் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பழைய பெருமை எட்டிப்பார்த்தது. "மகன் வரான்னு போட்டது. நல்லாப் புடிச்சிருக்கு. முந்தாநாளைவிட இன்னிக்குக் காலைல இன்னும் கறுப்பு ஏறியிருக்கு. பக்கத்து வீட்டுக்காரிகூடப் பாத்துட்டுப் போனா."

துமாதிர் நிமிர்ந்தாள். "முந்தாநாளைவிடவா?"

அவள் குனிந்து பாதத்தின் விளிம்பைப் பார்த்தாள். ஸுர்ரா போட்ட மருதாணி ஏனோதானோ என்று இருக்காது. உள்ளங்கால் முழுக்கப் பூசி, பக்கவாட்டில் கத்தி வைத்து வெட்டினதுபோல ஒரு கோடு, கோட்டுக்கு மேலே ஒரு மெல்லிய கொடி. அந்தக் கோட்டுக்கு மேலே, கொடியின் இலைகளுக்கு நடுவே, இன்னொரு கருமை ஏறியிருந்தது. மை கொட்டின காகிதம்போல ஓரமில்லாத கருமை. இடது கால் விரல்கள் மூன்று, தொட்டால் பானைத் தண்ணீர்போலச் சில்லென்று இருந்தன.

"ஹாஜ்ஜா, மருதாணி போட்ட கோட்டைத் தாண்டி நடக்குமா?"

ஸுர்ரா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கரார் அதைப் பார்த்தார். காலையில் அவரும் கேட்டிருந்தார், முற்றத்தில் பெண்கள் "என்ன நிறம், என்ன நிறம்" என்று மெச்சினதை. வீட்டுக்குள் சாவு வந்து காலடியில் உட்கார்ந்திருக்கிறது. இவர்கள் அதற்கு நல்ல நிறம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தடியின் பிடியை இறுக்கினார். தலையைக் குனியவில்லை.

"என்னது இது? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

"கிருமி ரத்தத்துக்குள்ள போயிடுச்சு ஹாஜ். மூளைக்காய்ச்சல் கிருமி. தூசிக் காத்து அடிக்கிற இந்த மாசத்துல வரும். அதைக் கட்டிப்போடணும்னு ரத்தம் உறையுது. ஒரு இடத்துல உறைஞ்சா நல்லது. இவளுக்கு உடம்பு முழுக்க, மயிர்க்கால் மாதிரி இருக்குற சின்னச் சின்னக் குழாய்ல எல்லாம் உறைஞ்சு அடைச்சிடுச்சு. அதான் வெரல் கறுக்குது. ரத்தம் உறையறதுக்குன்னு உடம்புல ஒரு சரக்கு இருக்கு. அது மொத்தமும் உள்ளயே செலவாயிடுச்சு. அதான் வெளிய, ஈறுல, தோலுக்கு அடியில, ஊசி குத்துன எடத்துல, நிக்க மாட்டேங்குது."

"எல்லா வண்டியும் கிளைத் தடத்துல போய் முட்டிக்கிட்டு நிக்குது. பெரிய தடத்துல ஓட வண்டி இல்ல."

துமாதிர் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். "அப்படித்தான். அத்பராவுக்குக் கொண்டு போகணும். அங்க ரத்தமும் பிளாஸ்மாவும் ஏத்தலாம். டிரைவரைக் கூப்பிட ஆள் அனுப்பியிருக்கேன். வண்டிக்கு டீசல் போட்டு வர அரை மணி ஆகும்."

அப்போது வாசலில் பிக்கப் வண்டி ஒன்று பிரேக் அடித்து நின்ற சத்தம் கேட்டது. வெளிக்கதவுக்குக் குறுக்கே நின்றது. இறங்கினவன் தைஃபூர், அமூனாவின் அண்ணன். அவனோடு அவன் பங்காளிகள் நான்கு பேர், கையில் கழிகளோடு. அடிபட்ட பெண் என்ற பேச்சு உதவியாளர் வாயிலிருந்து கிளம்பி, தேநீர்க் கடை வழியாக, அவன் சந்தைக் கடைக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

"கரார்!" என்று கூப்பிட்டான். ஹாஜ் இல்லை, மாமா இல்லை. வெறும் பெயர். வாசலில் கூடியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வெளிய வா. என் தங்கச்சியை அடிச்சுக் கொன்னுட்டு உள்ள என்ன ஒளிஞ்சுக்கிட்டு இருக்க?"

கரார் வெளியே வந்தார். வெயிலில் அவருடைய வெள்ளை அங்கி கண்ணைக் கூசச் செய்தது.

"ஒளியறவன் தலைப்பாகை கட்டிக்கிட்டு ஒளிய மாட்டான் தைஃபூர். உன் வண்டியை எடு. ஆம்புலன்ஸ் போகணும்."

"போகாது. போலீஸ் வந்து பாக்குற வரைக்கும் அவ இங்கேர்ந்து நகர மாட்டா. வழியில என்ன பண்ணுவீங்களோ, எவன் கண்டான்? நாலு வருஷமா புருஷன் இல்லாத வீடு. அவ வாயைத் திறந்து என்கிட்ட ஒண்ணும் சொல்லல. மானக்காரி."

"மானக்காரிதான். அதனாலதான் என் வீட்டுல இருக்கா."

தைஃபூர் கழியை உயர்த்தினான். கரார் நின்ற இடத்தில் நின்றார். கழி அப்படியே நின்றது.

பின்னால் துமாதிர் வந்தாள், அவளோடு ஜாதீன். ஜாதீன் ஆய்வுக்கூடத்துக்காரன், ஒல்லியானவன், பாம்புக்கடி கேஸ்களில் பேர்போனவன். அவன் கையில் மரத்தாங்கி. அதில் சுத்தமான கண்ணாடிக் குழாய்கள்.

"ரத்தம் உறையுதான்னு பாக்குற மெஷினுக்கு மருந்து தீர்ந்து மூணு மாசம் ஆச்சு" என்றாள் துமாதிர். "அத்பராவுக்குச் சொல்ல எனக்கு ஒரு கணக்கு வேணும். பாம்புக்கடிக்குப் பண்றதைப் பண்ணப் போறோம். குழாய்ல ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் ஆட்டாம வைக்கணும். அப்புறம் ஒரே தடவை சாய்க்கணும். கூடவே நல்லா இருக்குற ஒரு ஆளோட ரத்தம் வேணும், ஒப்பிட."

கரார் அங்கியின் கையைச் சுருட்டினார். "எடு."

"கிழவன் ரத்தம் உறையாம என்ன பண்ணும்? பாதி ஏற்கெனவே உறைஞ்சுதான் கெடக்கும்" என்றான் பங்காளிகளில் ஒருவன். நாலு பேர் சிரித்தார்கள்.

கரார் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"தைஃபூர், நீயும் கையைச் சுருட்டு. என் ரத்தம் வேற்று ரத்தம், அதான் வித்தியாசம்னு நாளைக்குச் சொல்லுவ. நீ அவளோட ஒரே வயித்துல பொறந்தவன். உன் ரத்தமும் அவ ரத்தமும் பக்கத்துப் பக்கத்துல நிக்கட்டும். அடி வாங்கினவளுக்கு ரத்தம் உறையும். அடிச்ச எடத்துல மட்டும்தான் நீலமாகும். உறையலைன்னா அது அடி இல்ல. சரியா டாக்டரம்மா?"

"சரி."

"ஊசின்னா பயமா இருந்தா சொல்லு. விட்டுடுறோம்."

தைஃபூர் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினான்.

மூன்று குழாய்களையும் வராந்தாத் திண்டில் நிழலில் வைத்தான் ஜாதீன். "யாரும் தொடாதீங்க. மூச்சுகூட அந்தப் பக்கம் விடுங்க" என்றான். துமாதிர் உள்ளே போய்விட்டாள். இரண்டாவது பை தீர்ந்து மூன்றாவது பை ஏறிக்கொண்டிருந்தது.

இருபது நிமிஷம். கரார் ரயில்காரர், நிமிஷத்தின் நீளம் அவருக்குத் தெரியும். ஒரு சரக்கு வண்டி ஆற்றுப் பாலத்தைக் கடக்க ஆறு நிமிஷம். அப்படி மூன்று வண்டி போய், மேலே இரண்டு நிமிஷம். உள்ளே ஸுர்ரா ஓதிக்கொண்டிருப்பது கேட்டது. இரண்டு நாளில் வருகிறவனுக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் யோசிக்கவில்லை. அவள் மூச்சு நிற்கக்கூடாது. அதற்குமுன் எந்தப் பதிலும் பதில் அல்ல. ஆனால் அவள் பிழைத்து, இந்தப் பழியும் பிழைத்தால்? அடித்த வீடு என்ற பேரோடு அவள் வந்து குடியிருக்க முடியுமா? இரண்டும் ஒரே குழாயில்தான் நிற்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

ஒருவன் தேநீர் கொண்டுவந்து நீட்டினான். தைஃபூர் வாங்கினான். கரார் வாங்கவில்லை.

"நேரம் ஆச்சு" என்றான் ஜாதீன்.

முதலில் கராரின் குழாயைச் சாய்த்தான். ரத்தம் அடியில் கட்டியாக நின்றது. "கிழட்டு ரத்தம்" என்றார் கரார், பங்காளியைப் பார்த்து. பிறகு தைஃபூரின் குழாய். அதுவும் அல்வாத் துண்டுபோல அசையாமல் இருந்தது. மூன்றாவதைச் சாய்த்தான்.

அமூனாவின் ரத்தம் குழாயின் வாய்வரை ஓடி வந்தது. பண்டிகைக்குக் காய்ச்சுகிற செம்பருத்திச் சாறுபோல, ஒரு திப்பிகூட இல்லாமல், கண்ணாடியில் சறுக்கி ஓடியது. ஜாதீன் நிமிர்த்தினான், திரும்பி அடிக்கு ஓடியது.

தைஃபூர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் அப்பாவோட ரத்தம், உன் அம்மாவோட ரத்தம்" என்றார் கரார். "உனக்கு நிக்குது. அவளுக்கு நிக்கல. எந்தத் தடியால அடிச்சா ரத்தம் இப்படி ஆகும்னு சொல்லு. அந்தத் தடியை என் வீட்டுல தேடு. கெடைச்சா அதாலயே என்னை அடி."

தைஃபூர் கழியைக் கீழே போட்டான். போய் வண்டியில் ஏறினான். பிக்கப் பின்வாங்கி வழி விட்டது. ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் வண்டி அதற்கு முன்னால் போய் நின்றது. அத்பராவரை ஹாரன் அடித்துக் கழுதையையும் லாரியையும் விலக்கிக்கொண்டு போனான். புறப்படுமுன் துமாதிர் ஓடிவந்து எல்லோர் கையிலும் ஒரு மாத்திரை வைத்தாள். "தொத்துற கிருமி. அவளோட ஒரே கூரையில இருந்தவங்க எல்லாரும் முழுங்கணும்." தைஃபூரும் போன வெள்ளிக்கிழமை அவள் கையால் பரிமாறின சோற்றைச் சாப்பிட்டிருந்தான். ஒரே புட்டித் தண்ணீரை முதலில் கரார் குடித்தார், பிறகு அவன் குடித்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அத்பராவில் அவன் ரத்தமும் கொடுத்தான். அதையும் கரார் பார்த்தார்.

அமூனா பிழைத்தாள். பதினொரு நாள் நினைவில்லாமல் கிடந்து, பன்னிரண்டாம் நாள் தண்ணீர் கேட்டாள். கேட்டது ஹாத்திமிடம், அவன் வியாழனிலிருந்து அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. பிறகு கார்த்தூமில் இரண்டு மாதம். இடது காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

ஊர் அடங்கவில்லை. அடித்ததில் விரல் போய்விட்டது என்று கிணற்றடியில் ஒரு கூட்டம். கண்ணாடிக் குழாயில் என்னமோ கலந்தார்கள் என்று சந்தையில் ஒரு கூட்டம். தைஃபூர் ஒரு நாள் கராரின் வீட்டுக்குக் கொழுத்த செம்மறிக் கிடா ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். சமாதானம்.

"மாமா, நடந்தது நடந்துபோச்சு. உள்ள உக்காந்து பேசி முடிச்சுக்கலாம்."

"உள்ள வந்து என்னத்தைப் பேச?" என்றார் கரார், வாசற்படியிலேயே நின்று. "நீ உள்ள வந்தா பேசின? ஆஸ்பத்திரி வாசல்ல, நாலு பேருக்கு நடுவுல பேசின. வாசல்ல சொன்ன சொல்லை வாசல்ல வந்து திருப்பி எடு. அதுவரைக்கும் உன் ஆடும் வேண்டாம், உன் பேச்சும் வேண்டாம்."

தைஃபூர் ஆட்டை வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் போனான். கரார் அதைத் திருப்பி அனுப்பினார். அவன் மறுபடி கட்டினான். மூன்றாவது முறை ஆடே வழி தெரிந்துகொண்டு தானாக வந்தது என்று ஸுர்ரா சொன்னாள்.

அமூனா திரும்பி வருகிற நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. அழைத்துவரக் கரார் மகனோடு அத்பரா ரயில் நிலையத்துக்குப் போனார். கூடவே ஒரு பொட்டலம்: தடித்த கறுப்புக் காலுறை, மூடின செருப்பு. கடைத்தெருவில் அரைநாள் அலைந்து வாங்கினது.

ஊருக்குத் திரும்பும் வண்டியில் உட்கார்ந்து அவள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள்.

"இது எதுக்கு மாமா?"

"ஊர்க் கண்ணு பொல்லாதது. போட்டுக்கம்மா."

"உங்க வீட்டுல என்னை யாராச்சும் அடிச்சாங்களா?"

கராரின் முகம் சிவந்தது. "யாரு சொன்னா?"

"அப்ப நான் எதை மறைக்கணும்? மூடினா, மூட ஏதோ இருக்குன்னுதான் சொல்லுவாங்க. நீங்க சீட்டு வாங்க மாட்டேன்னு நின்னீங்களாமே, அத்தை சொன்னாங்க. இதுவும் அந்தச் சீட்டு மாதிரிதான்."

ஹாத்திம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்; அவன் தோள் சிரிப்பில் குலுங்கியது. கரார் காலுறையை மடித்து அங்கிப் பையில் வைத்துக்கொண்டார். எழுபத்தோரு வருஷத்தில் தன்னைவிட நிமிர்ந்த முதுகு ஒன்றை அவர் தன் வீட்டில் பார்த்ததில்லை.

"நம்ம ஊர் ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்துங்க" என்றாள் அமூனா.

ஜும்ஆ தொழுகை முடிந்து ஜனங்கள் தெருவில் இருந்தார்கள். தைஃபூரும் இருந்தான். அமூனா ஊன்றுகோலோடு இறங்கினாள். வெறும் வார்ச் செருப்பு. மீதமிருந்த ஏழு விரல்களிலும் புது மருதாணி. கார்த்தூமில் பக்கத்துக் கட்டில்காரி போட்டுவிட்டாளாம். உள்ளங்காலின் ஓரத்தில் கோடு நேராக இருந்தது. அதற்கு மேல் தோல், தோலாகவே இருந்தது. விரல் இல்லாத இடத்தை அவள் முன்னால் எடுத்துவைத்து நின்றாள்.

"அண்ணா, இங்க நின்னு ஏதோ சொன்னியாம். எனக்கு அப்ப நெனவில்ல. இப்ப இருக்கு."

தைஃபூர் அவள் காலைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். "மாமா வீட்டுல யாரும் என் தங்கச்சியை அடிக்கல. நோய். நான் சொன்னது பொய்."

கரார் வாயைத் திறப்பதற்குள் அமூனா சொன்னாள்:

"கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேக்கல. இன்னொரு தடவை."

அவன் இன்னொரு தடவை சொன்னான், தேநீர்க் கடைவரை கேட்கும்படி. உதவியாளர் ஜன்னலை விட்டு விலகிப்போனார்.

கரார் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "தைஃபூர்," என்றார், "இப்ப ஆட்டைக் கொண்டா."